அவள் கடைசிச் சுற்று, என் முதல் சுற்று

மலைக்குள் இருக்கும் மெஷினில் ஒரு பார் வெடித்துவிட்டது என்று மச்சான் போன் செய்தார். காலை நேரம். நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"எது?" என்றேன்.

"அடி பாருங்க மாப்ள. சட்டுனு கெளம்பி வாங்க, வேன்ல சாமான் ஏத்தோணும்."

அப்படியே வாசல்படியில் உட்கார்ந்தேன். வாயில் நுரை. அடி பார் என்றால் அது இல்லை. அது மேல் பார்.

அந்த பவர்ஹவுஸிலிருந்து எப்போது போன் வந்தாலும் எனக்கு இப்படித்தான். எது என்று கேட்பேன். இல்லை என்று தெரிந்தபிறகுதான் மூச்சு வரும்.

பார் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கரண்ட் உண்டாக்குகிற ஜெனரேட்டருக்குள் வட்டமாக ஓர் இரும்புச் சுவர் உண்டு. சுவரில் நெடுக நெடுகப் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்திலும் செம்பில் செய்த இரண்டு நீளக் கட்டைகள் கிடக்கும். ஆழத்தில் இருப்பது அடி பார். அதன்மேல் இருப்பது மேல் பார். ஆளைவிட நீளம். செம்பில் பல ஆயிரம் வோல்ட் ஓடும். அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் இரும்பில் ஒன்றும் ஓடக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது நாங்கள் சுற்றிய டேப் மட்டும். மைக்கா டேப். அப்பளம் போல இருக்கும் மைக்காவைக் கண்ணாடி நூலில் ஒட்டி, பிசின் ஊட்டி வருவது. அதைக் கையால் சுற்றி, சூட்டில் அழுத்தினால் கல்லாகிவிடும். விரல் தடிமன் வராது. அதுதான் வேலி.

சுற்றுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. முந்தின சுற்றில் பாதியை அடுத்த சுற்று மூட வேண்டும். ஒரே இழுப்பு. சுருக்கம் விழக் கூடாது. கை எண்ணெய் படக் கூடாது. பட்டறையில் பெண்கள் தலைக்குத் துணி கட்டித்தான் உட்காருவார்கள். பூ வைக்கக் கூடாது. அப்புறம் ஒரு வழக்கம், எழுதி வைத்தது இல்லை. ஓர் அடுக்கைத் தொடங்கியவர்தான் முடிக்க வேண்டும். நடுவில் எழுந்தால் டேப் தளரும். தளர்ந்த இடத்தில் காற்று போய் உட்காரும்.

காற்றுதான் எல்லாவற்றுக்கும் காரணம். அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவில் மயிரிழை அளவு காற்று மாட்டிக்கொண்டால் போதும். வெளியே தெரியாது. தடவினாலும் தெரியாது. மெஷின் ஓடும்போது அந்தக் காற்றுக்குள் சின்னச் சின்னப் பொறி பறக்கும். பறந்து பறந்து சுற்றிலும் தின்னும். வருஷக்கணக்கில் தின்னும். ஒரு நாள் வழி திறந்துவிடும்.

வெளியே இருந்து கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நாணயத்தால் தட்டிப் பார்ப்போம். கெட்டியாக இருந்தால் டக் என்று அதோடு நின்றுவிடும். உள்ளே வெற்றிடம் இருந்தால் தட்டியதற்குப் பிறகு உள்ளிருந்து இன்னொரு சத்தம் வரும். பதில் சொல்வது போல. எங்கள் வேலையில் தட்டினால் பதில் வரக் கூடாது.

நான் பீர்மேட்டுக்காரன். எஸ்டேட் லயத்தில் பிறந்தேன். படிப்பு ஏறவில்லை. ஜீப்பில் கிளியாக, அதாவது கிளீனராகப் போனேன், தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தேன், அது மூடியதும் வாளையார் பக்கம் வந்தேன். ஹைவே ஓரத்தில் மோட்டார் வைண்டிங் பட்டறை. பெரிய ஜெனரேட்டர் பார்களும் அங்கே சுற்றுவார்கள். மேஸ்திரி கொல்லங்கோட்டுக்காரர். அவருடைய தங்கையும் அங்கே டேப் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இடது கை. எங்கள் எல்லோருடைய டேப்பும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அவளுடையது எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். வரிசையாக அடுக்கி வைத்தால் தூரத்திலிருந்தே தெரியும். வலது கையால் சுற்றச் சொன்னார்கள். சுற்றினாள். சுருக்கம் விழுந்தது. சூப்பர்வைசர் அவளுடைய இடது கை பார் ஒன்றை டெஸ்டுக்குப் போட்டார். நின்றது. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கரண்டுக்கு ஒன்றுதான், உன் கையாலேயே சுற்று என்று சொல்லிவிட்டார்.

எங்களுக்குக் கல்யாணம் பேசும்போது மேஸ்திரி என்னிடம், "ஒண்ணு சொல்லிப்போடறனுங்க. எங்கூட்டுப் புள்ள நொட்டாங்கை. நாளைக்கு அடி விழுந்தா எந்தப் பக்கமிருந்து வருதுன்னு தெரியாதுங்க" என்றார். அவள் டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "அண்ணனுக்கு ரெண்டு பக்கமும் வாங்கிப் பழக்கமுங்க, அதான் சொல்றாப்ல" என்றாள். அதற்கப்புறம் அவர் எனக்கு மச்சான்.

அவள் சாமி கும்பிடுகிற குடும்பம். நான் கோயில் என்று சொன்னால் அது மாதா கோயில். அதற்காக யாரும் சண்டை போடவில்லை.

ஒரு தடவை அவள் ஒரு பாரை முழுதாகச் சுற்றி முடித்திருந்தாள். துடைக்கும்போது கை ஓரிடத்தில் நின்றது. உள் அடுக்கில் ஒரு சுருக்கம் இருக்கிறது என்றாள். நான் தடவினேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"விடு. யாருக்குத் தெரியப்போவுது" என்றேன்.

"கரண்டுக்குத் தெரியுமுங்க" என்றாள். அத்தனையையும் பிரித்தாள். திரும்ப முதலிலிருந்து சுற்றினாள்.

அடுக்கின் நடுவில் யார் கூப்பிட்டாலும் எழ மாட்டாள். "பாதீல இருக்கறனுங்க" என்பாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் அதுதான். வீட்டிலும் அது தொற்றிக்கொண்டது. தலை சீவும்போது, துணி மடிக்கும்போது, எதற்கு நான் கூப்பிட்டாலும் பாதீல இருக்கறனுங்க. எனக்கு எரிச்சலாக இருக்கும்.

மலைக்குள் இருக்கும் அந்த மெஷினுக்குத்தான் அப்போது பார் சுற்றிக்கொண்டிருந்தோம். அவள் ஒரு பாரில் பாதிக்கு மேல் அடுக்கு போட்டுவிட்டாள். கையில் இருந்த அடுக்கை முடித்தாள். நுனியை ஒட்டினாள். பாலிதீன் போட்டு மூடினாள். கை கழுவினாள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பலகாரக் கடை. வடை வாங்கி வருகிறேன் என்று போனாள். சிமென்ட் லாரி.

பட்டறை வாசலில்தான். சத்தம் எனக்குக் கேட்டது. நான் எழவில்லை. நான் ஓர் அடுக்கின் நடுவில் இருந்தேன். ஹைவேயில் தினமும் கேட்கிற சத்தம்தான். யாரோ வந்து கூப்பிட்டார்கள்.

கொல்லங்கோட்டில் அவர்கள் வழக்கப்படி எரித்தார்கள். சாம்பல் ஆற்றில் போயிற்று. எங்கள் ஆட்களுக்கு என்றால் கல்லறை இருக்கும். நவம்பரில் போய் வெள்ளையடித்து மெழுகுவர்த்தி ஏற்றலாம். எனக்கு ஏற்ற இடமில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. இல்லை என்பதைச் சொல்கிறேன்.

காரியம் முடிந்து பட்டறைக்குப் போனபோது அந்த பார் அப்படியே மேஜையில் கிடந்தது. பாலிதீனுக்குள். மச்சான் பக்கத்தில் நின்றார். பிரித்துவிடட்டுமா என்று கேட்டார். பிசின் இறுகியிருந்தால் பிரிக்கத்தான் வேண்டும். சூப்பர்வைசர் வந்து விரலால் அழுத்திப் பார்த்தார். டேப் இன்னும் ஒட்டியது. அவள் அடுக்கை முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறாள், அதனால் தொடரலாம் என்றார்.

நான் உட்கார்ந்தேன். மிச்ச அடுக்குகளை நான் சுற்றினேன். அவள் டேப் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அதன்மேல் என் டேப் எதிர்ப்பக்கம் சாய்ந்து ஏறியது. முதல் சுற்றிலேயே அவளுடையது மறைய ஆரம்பித்தது. முடிக்கும்போது வெளியே பார்த்தால் என் பார். உள்ளே அவள் இருப்பது எனக்கு மட்டும் தெரியும் என்று நினைத்தேன்.

அது மெஷினுக்குள் போயிற்று. மேல் பார். எந்தப் பள்ளம் என்று பார்த்து வைத்துக்கொண்டேன்.

அன்று முதல் ஒரே எண்ணம். அவள் கடைசி அடுக்குக்கும் என் முதல் அடுக்குக்கும் நடுவில் காற்று இருக்குமா. அவள் எழுந்து போனதற்கும் நான் உட்கார்ந்ததற்கும் நடுவில் அது அங்கே கிடந்திருக்கிறது. பாலிதீனுக்குள் ஏதாவது போயிருக்குமா. என் கை நடுங்கியிருக்குமா. டெஸ்டில் நின்றது. டெஸ்டில் நிற்கும். தின்பதற்கு வருஷம் ஆகும் அல்லவா.

வருஷா வருஷம் பராமரிப்புக்காக மெஷினை நிறுத்துவார்கள். எங்கள் பட்டறை ஆட்கள்தான் போவோம். நான் அந்த பாரை நாணயத்தால் தட்டுவேன். மேலே தட்டுவேன், கீழே தட்டுவேன். டக். அது போதும் எனக்கு ஒரு வருஷத்துக்கு. அடுத்த போன் வரும்வரை.

அடி பார் வெடித்ததற்கு வருகிறேன்.

மலையைக் குடைந்து வழி. வேன் உள்ளே போகப் போக வெளிச்சம் பின்னால் சின்னதாகிக்கொண்டே வரும். போனில் சிக்னல் போய்விடும். சுவரில் தண்ணீர் கசியும். சிறு வயதில் லயத்தில் படுத்திருக்கும்போது மலை என்றால் மண்ணும் கல்லும் என்றுதான் நினைத்திருந்தேன். உள்ளே வீடு போல ஒன்று இருக்கும், அதற்குள் ஆட்கள் நடப்பார்கள் என்று தெரியாது. மற்ற மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் காதில் கேட்பதைவிட பல்லில் கேட்கும்.

எங்கள் மெஷின் நின்றிருந்தது. சுழலும் பாகத்தைத் தூக்கி வெளியே வைத்திருந்தார்கள். உள்ளே கிணறு போல வெறுமை. வெடித்த இடத்தில் கரி.

இன்ஜினியர் ஒரு பெண். மலையாளி. சின்ன வயது. எங்களிடம் தமிழ் பேசுவார், நடுவில் மலையாளம் வந்து விழும். வேலை தெரிந்தவர். அடி பாரை எடுக்க அதன்மேல் குறுக்கே போகும் மேல் பார்களையெல்லாம் தூக்க வேண்டும் என்று படத்தில் காட்டினார். எனக்குப் படம் தேவைப்படவில்லை. எது எது தூக்கப்படும் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அதுவும் அதில் இருந்தது.

பழைய பார் கல் மாதிரி. தூக்கும்போது வளைந்தால் விரிசல் விடும். விரிசல் விட்டால் கழிவு. மச்சான் எல்லோரையும் பார்த்துச் சொன்னார், "ஏனுங்க, கைக்கொழந்தையத் தூக்கற மாதிரி தூக்கோணும். உங்க கொழந்தைய இல்லீங்க. அடுத்தவன் கொழந்தைய. உங்க கொழந்தையத்தான் நீங்க தொப்புனு போட்டுருவீங்களே." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த பார் வந்தபோது நான் நடுவில் பிடித்தேன். சூடு காட்டி, பட்டைக் கயிறு போட்டுத் தூக்கினோம். வந்தது. முறியவில்லை. துணி விரித்துக் கிடத்தினோம். தட்டினேன். டக்.

"என்னங்க மாப்ள, கதவத் தட்டறீங்களா?" என்றார் மச்சான்.

"ஆமா. யாரும் இல்ல" என்றேன்.

அவர் அடுத்த பாரைத் தூக்கப் போனார்.

புது அடி பார் உள்ளே போயிற்று. மேல் பார்களைத் திரும்ப வைத்தோம். ஆப்பு அடித்தோம். முனைகளைப் பற்றவைத்தோம். அதன்பிறகு இருட்டு டெஸ்ட்.

இருட்டு டெஸ்ட் என்றால் மெஷினில் வோல்ட்டை ஏற்றிவிட்டு எல்லா விளக்கையும் அணைத்துவிடுவார்கள். பகலோ இரவோ கணக்கில்லை. மலைக்குள் விளக்கு அணைந்தால் அது வேறு இருட்டு. கையைக் கண் முன்னால் ஆட்டினாலும் தெரியாது. கண் பழகும்வரை நிற்க வேண்டும். பாரின் வெளிப்பூச்சு எங்காவது கெட்டிருந்தால் அங்கே மட்டும் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு வெளிச்சம் தெரியும். இரும்பை விட்டு பார் வெளியே வரும் இடத்தில் ஒரு சாம்பல் நிறப் பூச்சு உண்டு. அது செத்துப்போனால் அங்கேதான் தெரியும். இப்போது இதைப் பார்க்க ஒரு கேமரா வந்துவிட்டது. அன்று அது வேறொரு பவர்ஹவுஸுக்குப் போயிருந்தது. எனவே எங்கள் கண்தான்.

மச்சான் ஆளை நிறுத்தினார். மேலே சிலர். கீழே, டர்பைன் குழிக்குள், பார்களின் அடி நுனி தெரிகிற இடத்தில் ஒருவர். குழியில் ஒருவர்தான் நிற்க முடியும். கயிறு கட்டியிருக்கும். தாண்டக் கூடாது.

"மாப்ள, நீங்க கீழ போங்க" என்றார்.

நிமிர்ந்து பார்த்தால் அந்த பார் நேராகத் தெரிந்தது. பள்ளத்தின் எண்ணை ரேடியம் ஸ்டிக்கரில் ஒட்டியிருந்தோம்.

"எல்லாரும் மிண்டாம நில்லுங்க. ஞான் கேக்கும்போ மட்டும் சொன்னா மதி" என்று இன்ஜினியர் மேலிருந்து சொன்னார். பேசாமல் நில்லுங்கள், கேட்கும்போது சொன்னால் போதும் என்கிறார். விளக்கு போயிற்று.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு சிர் என்று ஒரு சத்தம். இலையில் தூறல் விழுவது போல. வாடை வந்தது. போட்டோஸ்டாட் கடையில் மெஷின் பக்கத்தில் நின்றால் வருமே, அந்த வாடை. அதன்பிறகு மேலே அங்கங்கே நீலமாக, கத்திரியாக மின்னியது. மேலிருந்தவர்கள் எண்களைச் சொன்னார்கள். எனக்கு நேராகவும் ஒன்று தெரிந்தது. நகக்கண் அளவு. நிற்காமல் துடித்தது.

அதுதான்.

எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நானும் சொன்னேன். அப்போது சொல்வது சுலபமாக இருந்தது.

வோல்ட்டை இறக்கினார்கள். சொன்ன இடத்தையெல்லாம் துடைத்து, தேய்த்து, சாம்பல் பூச்சை மறுபடி பூசச் சொன்னார் இன்ஜினியர். அந்த பாரை நான் பூசினேன். காய்வதற்கு நேரம் விட்டோம். பூசியும் மின்னுகிற பார் வெளியே வந்துவிடும், மாற்று பார் ஸ்டோரில் இருக்கிறது, இன்னொரு தடவை பூசுகிற பேச்சில்லை என்று அவர் முன்னாலேயே சொல்லிவிட்டார்.

இரண்டாவது இருட்டு.

மேலே நின்றவர்களை ஒவ்வொருவராகக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல மேடம்."

"இல்ல மேடம்."

"இவிட ஒண்ணும் இல்லா."

எனக்கு நேராக இருந்தது. முன்னைவிடச் சின்னது. கடுகு அளவு. பார்த்தால் இருக்கிறது, சற்றுத் தள்ளிப் பார்த்தால் இல்லை. மேலே நின்றவர்களுக்கு அது தெரியாது. அங்கிருந்து பார்க்க முடியாது. மலைக்குள் இத்தனை பேர் இருந்தும் அதை நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் வாயைத் திறக்கவில்லை.

சொல்லாவிட்டால் அவள் அங்கேயே இருப்பாள். அவள் கை பட்டது இந்த உலகத்தில் வேறெங்கும் இல்லை என்று சொல்ல மாட்டேன். வீட்டில் அவள் மடித்த சேலை இருந்தது. அதெல்லாம் சும்மா இருப்பது. இது வேலை பார்த்துக்கொண்டிருப்பது. இருட்டில், சூட்டில், வோல்ட்டைப் பிடித்து நிறுத்திக்கொண்டு. இதை எடுத்தால் செம்பு உருக்கப் போகும். டேப் குப்பைக்குப் போகும். இரண்டாவது தடவை அவளை எரிக்கிறாற்போல.

அந்தக் கடுகு துடித்தது.

அது வெளிப்பூச்சில் மின்னுகிறதா, உள்ளே இருந்து வருகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் அடுக்குக்கும் என் அடுக்குக்கும் நடுவில் இருந்து வருகிறதோ என்று நினைத்தேன். அப்படி என்றால் இத்தனை வருஷமும் தட்டித் தட்டி நான் என்னை ஏமாற்றியிருக்கிறேன். வெளியே அது நுனிதான், உள்ளே நீளமாக ஓடுகிறது என்று தோன்றியது. இருட்டில் எதுவும் தோன்றும்.

"கீழ சேட்டா?" என்று மேலிருந்து குரல் வந்தது.

நான் குறுக்கே கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"சேட்டா, கேக்குதா? கீழ உண்டோ?"

பாதீல இருக்கறனுங்க.

அது என் வாயிலிருந்து வந்ததா என்று தெரியவில்லை. மேலே யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. அவள் குரலில் கேட்டது என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டாம். நானும் நம்பவில்லை. குழியில் எனக்குப் பக்கத்தில் ஆள் நிற்க இடம் கிடையாது.

கரண்டுக்குத் தெரியும்.

"உண்டு" என்றேன். எண்ணைச் சொன்னேன்.



"உறப்பாணோ சேட்டா?" உறுதியா என்று கேட்கிறார். "மேல இருந்து ஒண்ணும் காணல."

"உறுதிதான். சின்னது. ஆனா இருக்கு."

"ஓகே. அது எடுக்கலாம்."

விளக்கு வந்தது. கண் கூசியது. ஸ்டிக்கர், பூச்சு, பார். ஒன்றும் தெரியாத மாதிரி நின்றது.

எடுக்கும்போது இந்தத் தடவை சூடும் காட்டவில்லை, குழந்தை மாதிரியும் பிடிக்கவில்லை. கழிவு பாருக்கு அது தேவையில்லை. ஆப்பைத் தட்டி எடுத்து, முனையை அறுத்து, நெம்பி எடுத்தார்கள். நான் ஒதுங்கி நின்றேன். மாற்று பார் வந்தது. கையால் இல்லாமல், டேப் சுற்றுகிற இயந்திரத்தில் சுற்றிய பார். அச்சு பிசகாமல் நேர்த்தியாக இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அதை நான்தான் வைத்தேன்.

எடுத்த பாரை அறுத்துப் பார்க்க வேண்டும் என்றார் இன்ஜினியர். மற்ற பார்கள் உள்ளே எப்படி இருக்கும் என்று இதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். அவளையும் ஜில்லா ஆஸ்பத்திரியில் அறுத்துத்தான் பார்த்தார்கள். அன்று என்னை வெளியே உட்கார வைத்தார்கள். இன்று பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

பிடித்துக்கொண்டேன். மச்சான் அறுத்தார். அவர் அறுக்கும்போது பேசிக்கொண்டே இருப்பார். அன்று பேசவில்லை.

மின்னிய நுனியில் ஒரு துண்டு, நடுவில் ஒரு துண்டு. முகத்தை எமரி தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினோம். நடுவில் செம்பு. சுற்றிலும் அடுக்கு அடுக்காகப் பழுப்பு. இன்ஜினியர் லென்ஸ் வைத்து, டார்ச் அடித்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"நல்ல பணி" என்றார். "உள்ள ஒரு குழப்பமும் இல்லா. பூச்சு மட்டும்தான் போயிருக்கு. பாக்கியெல்லாம் கட்டி."

"காத்து?"

"எங்கயும் இல்ல."

"நடுவுல? பாதிக்கு மேல?"

அவர் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் லென்ஸை வைத்தார். நான் கேட்ட இடத்தைத் தேடித் தேடிப் பார்த்தார். ஒன்றும் இல்லை என்று தலையாட்டினார். அப்புறம் இன்னொரு துண்டுக்குச் சூடு காட்டி, கத்தியால் அடுக்கடுக்காக உரிக்கச் சொன்னார். உரித்தேன். வெளியிலிருந்து என் டேப். ஒரே பக்கம் சாய்வு. உரிக்க உரிக்க அதுவே வந்தது. பிறகு ஒன்று உரிந்தபோது அடியில் சாய்வு மாறியிருந்தது.

எதிர்ப்பக்கம்.

கத்தியை வைத்துவிட்டேன். கையுறையைக் கழற்றினேன். விரலால் தொட்டேன். ஒரே சீர். பாதி மேல் பாதி. சுருக்கமே இல்லை. அவள் கடைசிச் சுற்றும் என் முதல் சுற்றும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கல்லாகியிருந்தன. உரிக்கும்போது என் டேப் நாரில் அவளுடைய மைக்காவும் சேர்ந்து பிய்ந்து வந்திருந்தது.

"இவிட வச்சு கை மாறியிருக்கு, அல்லே?" என்றார் இன்ஜினியர்.

"ஆமா."

"யாரு பண்ணது?"

"ரெண்டு பேர்" என்றேன்.

அவர் போனை எடுத்தார். ரிப்போர்ட்டுக்கு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாவது இருட்டுக்கும் நான்தான் கீழே நின்றேன். கண் பழகும்வரை நின்றேன். பழகிய பிறகும் நின்றேன். அந்த இடத்தைப் பார்த்தேன். இருட்டு. சிர் சத்தமும் இல்லை, வாடையும் இல்லை. வேலை நன்றாக முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். அங்கே யாரும் இல்லை என்பதற்கும்.

"கீழ சேட்டா?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

வெளியே வந்து குகை வாய்க்குப் பக்கத்தில் கட்டன் சாயா குடித்தோம். மழை பெய்து விட்டிருந்தது. வெளிச்சம் கண்ணுக்குச் சங்கடமாக இருந்தது. மச்சான் டிபன் பாக்ஸை எடுத்தார். சாப்பாடு எடுக்கிறார் என்று நினைத்தேன். துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து என் பக்கத்தில் வைத்தார். நடுத்துண்டு. தீப்பெட்டி அளவுக்கு அறுத்திருந்தார்.

"மேடத்துகிட்டக் கேட்டுட்டுத்தானுங்க எடுத்தேன்" என்றார்.

நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மச்சான், இது எதுன்னு..."

"ஏனுங்க மாப்ள, எங்கூட்டுப் புள்ள கடைசியா உக்காந்த பாரு எதுன்னு எனக்குத் தெரியாதுங்களா? நம்பர் குத்துனதே நானுங்க."

சாயாவை ஒரு மடக்குக் குடித்தார். டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வருஷா வருஷம் நீங்க தட்டிப்போட்டு அக்கட்டப் போனதுக்கப்பறம் நானும் போயித் தட்டுவனுங்க."

"எதுக்கு என்னக் கீழ நிக்க வச்சீங்க?"

"நான் நின்னிருந்தா சொல்லியிருக்க மாட்டனுங்க மாப்ள."

என் டம்ளரை என் பக்கம் நகர்த்தி, "இப்ப சாயாவக் குடிங்க, ஆறுது" என்றார்.

மெஷின் ஓட ஆரம்பித்ததைப் பார்க்காமல் நாங்கள் வருவதில்லை. உள்ளே போனோம். தண்ணீர் திறந்தார்கள். முதலில் முனகல். பிறகு ஏறி ஏறி ஒரே சத்தமாக நின்றது. பல்லில் கேட்டது. மற்ற மெஷின்களின் சத்தத்தோடு கலந்துவிட்டது. எது எங்களுடையது என்று பிரிக்க முடியவில்லை. முன்பெல்லாம் முடியும் என்று நினைத்திருந்தேன்.

இப்போது அந்த பவர்ஹவுஸிலிருந்து போன் வந்தால் எது என்று நான் கேட்பதில்லை. எத்தனை மணிக்கு வேன் என்று கேட்கிறேன். நல்லதுதான். ஆனால் போனை வைத்த பிறகு கை சும்மா இருக்கிறது.

துண்டு ஜன்னல் ஓரத்தில் இருக்கிறது. நடுவில் செம்பு, சுற்றிலும் பழுப்பு. உள்பாதி அவள். வெளிப்பாதி நான். நவம்பரில் அதன் பக்கத்தில் ஒரு மெழுகுவர்த்தி வைத்தேன். சரியா தப்பா என்று யாரிடமும் கேட்கவில்லை.

சில நாள் காலையில் பல் தேய்த்துவிட்டு வந்து நாணயத்தால் தட்டுவேன்.

டக்.

கொஞ்ச நேரம் நிற்பேன். பதில் வராது. அப்புறம் வேலைக்குக் கிளம்புவேன்.